ஒலிக் கோப்பைச் சமிக்ஞை மூலமாக உபயோகித்தல்

தவளையின் குரலையோ, இயந்திரத்தின் இரைச்சலையோ கணிப்பொறியில் பகுத்தாராய முற்படுவோர், ஒலிவாங்கியை நேரே இணைப்பதைக் காட்டிலும் முன்னரே பதிவு செய்த ஒலிக் கோப்பை மூலமாகக் கொள்வது பெரும்பாலும் மேலானது. ஒலிவாங்கியின் முன் ஒரே ஓசை இருமுறை ஒரே விதமாக நிகழ்வதில்லை. கோப்போ எத்தனை முறை ஓட்டினும் அதே எண்களையே தரும். இரண்டு வடிப்பான்களுள் எது சிறந்தது என ஒப்பிட்டறிய இவ்வுறுதி இன்றியமையாதது.

இவ்வேலைக்கு உதவும் மென்பொருள்களுள் க்னூ ரேடியோ ஒன்று. 2001ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இதனை எவரும் விலையின்றிப் பெறலாம். திரையில் பெட்டிகளை வைத்துக் கோடுகளால் இணைத்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எண்கள் ஓடும். 'வேவ் ஃபைல் சோர்ஸ்' எனும் பெட்டி ஒலிக் கோப்பைத் திறந்து அதன் மாதிரிகளை வரிசையாக வெளியிடுகிறது. 16 பிட் கோப்பில் −32,768 முதல் 32,767 வரையுள்ள முழு எண்கள், இங்கே −1க்கும் +1க்கும் இடைப்பட்ட பின்னங்களாக மாறிவிடுகின்றன.

இதில் பெரிதும் கவனிக்க வேண்டுவது மாதிரி வீதம், அதாவது ஒலி வினாடிக்கு எத்தனை முறை அளக்கப்பட்டது என்பது. அது கோப்பின் தலைப்பகுதியில் எழுதப்பட்டே இருக்கிறது. ஆயினும் பெட்டிகளுக்கிடையே ஓடுபவை வெறும் எண்கள்தாம். வீதம் அவற்றுடன் செல்வதில்லை. உபயோகிப்பவரே அதைக் குறித்தல் வேண்டும். குறிக்காவிடில், மென்பொருள் தானாக வைத்திருக்கும் 32,000 என்ற எண்ணே நிலைத்துவிடும்.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் 512 எனப் பொறித்த இசைக்கவையின் ஒலி, 44,100 வீதத்தில் பதிவாயிற்று எனக் கொள்க. வீதத்தை 32,000 என விட்டு ஓட்டினால், திரையில் சுமார் 372 ஹெர்ட்ஸில் முகடு தோன்றும். ஒலிபெருக்கியும் அதே வீதத்தில் இயங்குமாயின், செவிக்கும் 372 ஹெர்ட்ஸே கேட்கும். ஒரு நிமிடப் பதிவு 82 வினாடிக்கு மேல் ஓடும். பிழை என எவ்வித அறிவிப்பும் வராது. கண்ணும் செவியும் ஒத்துரைப்பதால் ஐயமும் எழாது. இசைக்கவையிலேனும் பொறித்த எண் உண்டு, தவளைக்கு அஃதில்லை. அதிர்வெண்ணை மட்டும் நம்பி இனத்தைக் குறிக்கும் களப்பணியாளர், அட்டவணையில் வேறோர் இனத்தின் பெயரை எழுதிவிடக் கூடும். எனவே, அதிர்வெண் தெரிந்த ஓர் ஒலியை அதே கருவியில் பதிந்து, முதலில் அதைச் சோதிப்பது நல்லது.

வௌவால் பதிவுகளில் இச்சிக்கல் இன்னும் ஒரு படி மேல். சில கருவிகள் ஒலியைப் பத்து மடங்கு மெதுவாக்கியே கோப்பில் எழுதுகின்றன. 40,000 ஹெர்ட்ஸ் குரல் அங்கே 4,000 ஆக நிற்கும். கோப்பின் தலைப்பகுதியை நம்பினும் பயனில்லை. கருவியின் குறிப்பேட்டையே பார்க்க வேண்டும்.

வெவ்வேறு வீதமுள்ள இரு கோப்புகளைக் கலப்பதாயின், ஒன்றை மற்றதன் வீதத்திற்கு மாற்றல் அவசியம். 44,100ஐ 48,000 ஆக்க, 160 மடங்கு பெருக்கி 147இல் ஒரு பங்காகக் குறைக்கும் பெட்டி போதும். கூட்டுத்தொகை 1ஐத் தாண்டினால் ஒலிபெருக்கியில் அலையின் உச்சி வெட்டுப்படும். ஆகையால் கூட்டுமுன் ஒவ்வொன்றையும் பாதியாக்குவர்.

ஒலிபெருக்கியோ வேறு கருவியோ இணையாதபோது, கணிப்பொறி தன்னால் இயன்ற வேகத்தில் கோப்பை விழுங்கிவிடும். திரையில் பார்ப்பதற்கு 'த்ராட்டில்' எனும் பெட்டி அவ்வேகத்தைக் கட்டுப்படுத்தும். விடையை மற்றொரு கோப்பில் எழுதுவதாயின் அது தேவையில்லை, விரைவே இலாபம். ஒலிபெருக்கி இருக்கையில் அதைச் சேர்த்தால் ஓசை விட்டு விட்டுக் கேட்கக் கூடும்.

எம்.பி.3 ஆகச் சுருக்கிய பதிவைப் பின்னர் வேவ் ஆக மாற்றினும் இழந்த பகுதி மீளாது. சுருக்காத ஒற்றைத் தடப் பதிவுக்கு, 44,100 வீதத்தில், நிமிடத்திற்குச் சுமார் 53 இலட்சம் பைட்டுகள் வேண்டும். இன்றைய நினைவட்டைக்கு இது பெரிதன்று. கோப்பு முடிந்ததும் மீண்டும் தொடங்குமாறு அமைத்திருந்தால், முடிவும் தொடக்கமும் சேருமிடத்தில் 'டக்' என்ற ஓசை எழும். அது திரையில் எல்லா அதிர்வெண்களிலும் பரவித் தோன்றுவதால், அளவெடுக்கும்போது அவ்வமைப்பை நீக்கிவிடுவது வழக்கம்.