கடலில்லாத கடற்படைக் குடியிருப்பு

குற்றாலத்தில் சாரல் பிடித்தால் நெல்லைச் சீமையே அருவிக்குக் கிளம்பும். விஜயநாராயணம் கடற்படைக் குடும்பங்களுக்கும் அது எட்டும் தூரம்தான்.

விஜயநாராயணத்தில் உள்ள கடற்படைத் தளத்தின் ‘ஐ.என்.எஸ். கட்டபொம்மன்’ என்ற பெயரை நம்பிக் கப்பலைத் தேடினால் ஏமாற்றம்தான்! 1990-இல் தொடங்கிய இத்தளத்தின் வேலை, ஆழத்தில் உலவும் நீர்மூழ்கிகளுக்கு மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் செய்தி அனுப்புவது.

மாற்றல் உத்தரவோடு மொழி தெரியாத ஊரில் வந்திறங்கும் குடும்பத்துக்கு முதல் கவலை பிள்ளைகளின் படிப்பு. அதற்குக் கேந்திரிய வித்யாலயா இருக்கிறது. எந்த மாநிலத்திலிருந்து வந்தாலும் பாடத்திட்டம் ஒன்றே. புது ஊரில் தவிக்கும் இல்லத்தரசிகளுக்குக் கடற்படைக் குடும்பங்களின் நலச் சங்கம் துணை.

ஓய்வுபெற்றுத் தென்காசிப் பக்கம் திரும்பும் வீரர்களின் குடும்பத்துக்கு, 2003-இல் வந்த முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் கைகொடுக்கிறது. கேன்டீன் அட்டையும் கூடவே வரும்.