சாரல் காற்றும் பாய்மரக் கப்பலும்

ஆனி, ஆடி மாதங்களில் தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையில் நிற்பவர்களுக்குக் காற்றின் பலத்தை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆரியங்காவுக் கணவாய் வழியே பாய்ந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று, குற்றாலத்தில் சாரலைத் தூவும்; இங்கே கொடியில் உலரும் வேட்டியைப் பறித்துக்கொண்டு போகும். நாலு முழ வேட்டியே நிற்காத காற்றில், கப்பல் நிறையப் பாய் விரித்துக் கடலோடியவர்களின் சாமர்த்தியம்தான் என்னே!

ஏன் பல மரங்கள்?

ஒரே மரத்தில் மிகப் பெரிய பாயைக் கட்டினால், அதை ஏற்றி இறக்க ஆள்பலம் போதாது. அதே துணியை இரண்டு மூன்று மரங்களுக்குப் பங்கிட்டுவிட்டால் சிலரே சமாளிக்கலாம். இன்னொரு லாபமும் உண்டு. முன்பாய் கப்பலின் முகத்தைக் காற்றிலிருந்து விலக்கும். பின்பாய் காற்றை நோக்கித் திருப்பும். இரண்டையும் இழுத்தும் தளர்த்தியும் வந்தால் சுக்கானுக்குச் சிரமம் குறையும்.

பாயைத் தாங்கும் கழி பருமல். அதை உயரே ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிப்பது தாமான்.

பழைய சாட்சிகள்

சாதவாகனர் காசுகளில் இரட்டைப் பாய்மரக் கப்பல் பொறிக்கப்பட்டிருக்கிறது. இராமநாதபுரம் மாவட்டம் அழகன்குளத்து அகழாய்வில் கிடைத்த பானை ஓடு ஒன்றிலும் கப்பல் சித்திரம் உண்டு. அதிராம்பட்டினம் பக்கத்து வத்தைகளுக்கோ மூன்று மரங்கள்! காற்று பலத்தால், குறுக்கே நீட்டிய பலகையில் ஆட்கள் ஏறி நின்று வத்தை சாயாமல் காப்பார்கள்.

அமெரிக்கா சென்ற அன்னபூரணி

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930-ல் வேப்பமரத்தால் கட்டப்பட்டது 'அன்னபூரணி அம்மாள்'. நீளம் 89 அடி, அகலம் 19 அடி, மரங்கள் இரண்டு. அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதை விலைக்கு வாங்கி, தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். தண்டயல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறை மாலுமிகளும் 1937-ல் புறப்பட்டார்கள். சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், பிறகு அட்லாண்டிக் மகா சமுத்திரம்! 1938 ஆகஸ்ட் 1-ல் அந்தக் கப்பல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. உள்ளூர்த் தச்சர்கள் வேம்பில் இழைத்த கப்பல், உலகின் மறுகோடியைத் தொட்டுவிட்டது.

பின்னாளில் தூத்துக்குடித் தோணிகளிலும் இயந்திரம் ஏறியது. பயணம் சுலபமாயிற்று, ஆஞ்சானும் தாமானும் அறிந்த கைகளோ அருகிவருகின்றன. ஏட்டைப் பார்த்து வருகிற வித்தையா அது? மூத்த தண்டயல்களின் அருகில் நின்று கற்க வேண்டியது. கற்பாரின்றிப் போனால், மரமும் துணியும் இருந்தும் கப்பல் ஓடாது.

குத்துக்கல்வலசையில் இன்றும் அதே காற்றுத்தான் வீசுகிறது. அதைப் பிடித்துக் கடல் கடந்த வித்தை மட்டும் கை நழுவிவிடக் கூடாது.