மயிலத்து மழையும் ஓர் ஆய்வுக் கட்டுரையும்

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், அதன் பிறகும் நகராமல் பல மணி நேரம் அங்கேயே நின்றது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. கொட்டித் தீர்த்தது, விழுப்புரம் மாவட்டத்தின் ஓராண்டு மழையில் கிட்டத்தட்ட பாதி. ‘இத்தனை கம்ப்யூட்டர் இருந்தும் முன்கூட்டியே சொல்ல முடியாதா?’ என்ற கேள்வி நியாயமானதே. கணினியால் எதைச் சொல்ல முடியும், எதை முடியாது என்று பிரித்துப் பார்த்தால்தான் அதற்குப் பதில் கிடைக்கும்.

வானிலைக் கணினி காற்றுமண்டலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் இப்போதுள்ள காற்று, வெப்பம், ஈரப்பதத்தை வைத்துச் சில நிமிடங்களுக்குப் பிந்தைய நிலையைக் கணக்கிடுகிறது. அந்த விடையிலிருந்து அடுத்த சில நிமிடங்கள். அதனால் தொடக்கத்தில் இருக்கும் சிறு பிழையும் வளர்ந்துகொண்டே போகும். 1961-இல் வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரன்ஸ் தம் கணினியில் 0.506127 என்ற எண்ணுக்குப் பதில் 0.506 என்று கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் கணினி காட்டிய வானிலையே வேறாகிப்போனது. 1963-இல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, சுமார் இரண்டு வாரத்துக்கு மேல் தினசரி வானிலையைக் கணிப்பது நடக்காது என்ற கருத்து வலுப்பட்டது. உத்தரப்பிரதேசத்தின் பலியா மாவட்டக் கிராமமொன்றில் பிறந்த வானிலை ஆய்வாளர் ஜகதீஷ் சுக்லா, தம் ஆசிரியர் ஜூல் சார்னியோடு சேர்ந்து 1981-இல் வெளியிட்ட கட்டுரை இதில் ஒரு வழி திறந்தது: இன்ன நாளில் மழை என்று சொல்ல முடியாவிட்டாலும், வெப்பமண்டலத்தில் பருவத்தின் சராசரி மழையைக் கணிக்க இடமுண்டு. ஏனென்றால் அந்தச் சராசரியைப் பெரிதும் தீர்மானிப்பவை, மெதுவாக மாறும் கடல்பரப்பு வெப்பமும் நிலத்தின் ஈரமும். சுக்லாவின் பிந்தைய ஆய்வு வாழ்க்கை பெரும்பாலும் இந்தத் தடத்திலேயே போனது.

ஒரே நாளில் அரை ஆண்டு மழை பெய்யும் ஊருக்குச் சராசரி எதற்கு என்று கேட்கலாம். ஏரிக்கரையை எப்போது பலப்படுத்துவது, என்ன பயிர் வைப்பது என்பவற்றுக்கு அது உதவும். புயல் இரவுக்கு உதவாது. அதற்கு வேறு முறை உண்டு. லோரன்ஸ் கண்ட அந்தச் சிறு வேறுபாட்டை வேண்டுமென்றே புகுத்தி, ஒரே கணிப்பைப் பல முறை ஓட்டுவார்கள். 2018 முதல் இந்தியாவில் 12 கி.மீ. கட்டங்களில் இப்படி 21 கணிப்புகள் ஓடின. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் மூன்றே கட்டங்கள். 2025-இல் வந்த பாரத் முன்கணிப்பு அமைப்பில் கட்டம் 6 கி.மீ. ஆகச் சுருங்கியது. கணிப்புகள் ஒத்துப்போனால் நம்பலாம்; சிதறினால் அந்தச் சிதறலே எச்சரிக்கை. ‘கனமழைக்கு வாய்ப்பு’ என்பதோடு நிறுத்தாமல், எத்தனை கணிப்புகள் அப்படிச் சொல்கின்றன என்பதையும் ஒன்றியவாரியாகத் தமிழில் மக்களுக்குத் தர வேண்டும்.