சூழ்ச்சியும் நெறி பிறழ்ந்த காதலும்: அரசகுலக் கற்பனைக் கதைகள் பற்றிய ஓர் ஆய்வு

1. முன்னுரை

காலப்போக்கில் பொருள் இழிந்த தமிழ்ச் சொற்களுள் ‘சூழ்ச்சி’ என்பதும் ஒன்று. திருக்குறளில் அச்சொல் ஆராய்ந்து எண்ணுதலைக் குறித்தது. பிற்காலத்தே அது வஞ்சனையைக் குறிப்பதாயிற்று. ஒருவர்க்கு நெருங்கியிருந்து எண்ணிச் சொல்லும் இடம் பெற்றவரே அவரை வஞ்சிக்கவும் வல்லர் ஆவர். இவ்வுலகியல் உண்மைக்கு இச்சொல்லின் வரலாறு நல்லதோர் எடுத்துக்காட்டாக நிற்கின்றது.

அரசனும் அரசியும், மறைந்த இளவரசியும், ஆள்மாறாட்டமும் நிறைந்த கற்பனைக் கதைகள் எல்லா மொழிகளிலும் உள. மேடையிலும் திரையிலும் தொலைக்காட்சியிலும் அவை மக்கள் உள்ளத்தைக் கவர்ந்து வந்துள்ளன. எனினும் ‘பொழுதுபோக்குக் கதைகள்’ என ஒதுக்கி அவற்றை ஆராயாது விடுதல் நம் ஆய்வாளரிடையே வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கம் பொருந்தாது. ஒருவருடைய காதலை மற்றொருவர் தம் கருவியாக ஆக்கிக் கொள்ளுதல் எங்ஙனம் நிகழ்கின்றது என்பதை இக்கதைகள் போல வெளிப்படையாகக் காட்டும் இலக்கியம் பிறிதில்லை. இக்கருத்தை, நாகூரோடு தொடர்புடைய படைப்புகளை முன்வைத்து, தொல்காப்பிய நெறியின் துணைகொண்டு ஈண்டு ஆராய்வோம்.

2. நாகூரும் கற்பனைக் கதையும்

காவிரி கடலொடு கலக்கும் நாட்டின் கரையில் அமைந்த நாகூர், ஷாகுல் ஹமீது ஆண்டகையின் தர்காவால் உலகறிந்த ஊர். கடல் வாணிகத்தால் பிற நாட்டாரோடு கலந்து வாழ்ந்த இத்தகைய ஊர்களில் பொருள்களோடு கதைகளும் வந்திறங்கின. தமிழ் முசுலிம் புலவர்கள் கிஸ்ஸா, நாமா, மசலா, படைப்போர் எனப் புதிய இலக்கிய வகைகளைத் தமிழுக்கு ஆக்கித் தந்தனர். அவற்றுள் கிஸ்ஸா என்பது கதை கூறுவது.

அவ்வகைக் கதைகளுள் பெரிதும் வழங்கியது யூசுபு நபியின் வரலாறு. திருக்குர்ஆனின் 12ஆம் அத்தியாயம் கூறும் இவ்வரலாற்றில், விலைக்கு வாங்கப்பட்ட சிறுவன் ஒருவன் பெருமனை ஒன்றில் வளர்கின்றான். அவனை மகனாகவும் கொள்ளலாம் என்பது வீட்டுத் தலைவன் கருத்து. ஆனால் அம்மனைத் தலைவியே பின்னர் அவன்பால் வேட்கை கொண்டு கதவடைக்கின்றாள். அவன் இணங்காது ஓடவே, பழியை அவன்மேல் ஏற்றுகின்றாள். சட்டை பின்புறம் கிழிந்திருந்தமை கொண்டு அவனது தூய்மை தெளியப்படுகின்றது. இங்குக் கருதத்தக்கது வேட்கை மட்டுமன்று. வேட்கை கொண்டவர் ஆளும் இடத்திலும் வேட்கப்பட்டவர் ஆளப்படும் இடத்திலும் இருந்தனர் என்பதே கருதத்தக்கது. இவ்வேற்றுமையை நினைவிற் கொண்டு மேற்செல்வோம்.

இருபதாம் நூற்றாண்டில் நாகூர் தந்த படைப்பாளருள் இருவர் நம் பொருளுக்கு நேரே உரியவர். ஒருவர் சித்தி ஜுனைதா பேகம் (1917-1998). பள்ளிப் படிப்பு மிகச் சிறிதே பெற்ற இவ்வம்மையார் 1938இல் ‘காதலா கடமையா’ என்னும் நாவலை வெளியிட்டார். டாக்டர் உ. வே. சாமிநாதையரின் பாராட்டைப் பெற்றது அந்நூல். மற்றொருவர், காஜா மொகிதீன் என்னும் இயற்பெயருடைய ரவீந்தர். 1958இல் வெளிவந்த ‘நாடோடி மன்னன்’ திரைப்படத்துக்குக் கண்ணதாசனோடு உடனிருந்து உரையாடல் எழுதியவர் இவர். அந்நாவலுக்கும் இப்படத்துக்கும் உள்ள ஒற்றுமை நாகூர் இலக்கிய அன்பரிடையே நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருவது. யார் யாரிடம் கடன் கொண்டார் என்பது நம் ஆய்வுப் பொருளன்று. ஜுனைதா பேகம் தம் நூற்பெயராலேயே எழுப்பிய வினா, இவ்வகைக் கதைகள் அனைத்துக்கும் உயிர் வினாவாக இருத்தலே நாம் கொள்ளத்தக்கது.

3. தொல்காப்பியம் தரும் அளவுகோல்

தொல்காப்பியர் காமப் பகுதியைக் கைக்கிளை, அன்பின் ஐந்திணை, பெருந்திணை என முத்திறப்படுத்தினார். ஒருபால் வேட்கை கைக்கிளை. இருபாலும் ஒத்த அன்பு ஐந்திணை. பொருந்தாக் காமம் பெருந்திணை. மடலேறுதல், இளமை கழிந்த பின்னும் வேட்டல், தெளிவு நீங்கிய மிகு காமம், வலிந்து கொள்ளும் காமம் என்னும் நான்கும் பெருந்திணைக் குறிப்பாகக் கூறப்பட்டன. மேலும், மெய்ப்பாட்டியலில் தலைமக்கட்கு இருத்தற்குரிய ஒப்புமைகள் பத்தென வகுத்தார். ஆண்டு, உருவு, அருள், உணர்வு, திரு என்பன அவற்றுட் சில.

அகத்திணை மாந்தர் பெயர் சுட்டப்படார் என்பது மரபு. ஆதலின் பெயர் பெற்ற கதைமாந்தர்க்கு இவ்விலக்கணத்தை அப்படியே ஏற்றுதல் கூடாது என்பார் தடை நிகழ்த்தலாம். அத்தடை ஏற்கத்தக்கதே. நாம் இலக்கணத்தை ஏற்றுகின்றோம் அல்லோம்; அதன்கண் உள்ள அளவுகோலை எடுத்துக்கொள்கின்றோம். அவ்வளவுகோல் ‘ஒத்தல்’ என்பது. ஒத்தல் என்பதனுள் மற்றொன்றும் அடங்கியிருத்தல் வேண்டும். உண்மையை அறிந்து, மறுக்கவும் இயன்ற நிலையில் இருந்து ஒருவர் ஒத்தாலன்றி அது ஒத்தல் ஆகாது. சூழ்ச்சி தாக்குவது இவ்விடத்தையே. அது உடலை வலிந்து கொள்ளாது. ஒப்புதலையே பொய்யாக விளைவிக்கின்றது.

4. அறியாமையை வளர்க்கும் சூழ்ச்சி

‘நாடோடி மன்னன்’ படத்தில் மன்னன் மார்த்தாண்டனும் புரட்சியாளன் வீராங்கனும் ஓருருவினர், இருவரும் எம். ஜி. இராமச்சந்திரனே. அரசைக் கவர எண்ணும் இராசகுருவாகப் பி. எஸ். வீரப்பா தோன்றுகின்றார். அவன் சூழ்ச்சி இரண்டு. மன்னனை அகற்றுதல் ஒன்று. இளவரசி இரத்தினாவைச் சிறு பருவத்திலேயே கவர்ந்து, கன்னித் தீவில் மறைத்து வளர்த்து, அவளை மணத்தல் மற்றொன்று. காண்போர் முதற் சூழ்ச்சியையே பெரிதாகக் கருதுவர். நம் கருத்தில் இரண்டாவதே கொடிது.

என்னை? மன்னனுக்குச் செய்த தீங்கு ஒரு நாளில் செய்யப்பட்டது. அதனை அவன் தீங்கென்று அறிவான். இரத்தினாவுக்குச் செய்த தீங்கோ ஆண்டுதோறும் பாதுகாப்பு என்னும் பெயரால் வளர்ந்து வந்தது. தீவுக்கு வெளியே உலகம் உண்டென்பதை அறியாதவள், வளர்த்தவனை மறுப்பது எங்ஙனம்? சூழ்ச்சிக்காரன் பொய் சொல்ல வேண்டுவதில்லை. பிறர் வாய்ச்சொல் அவள் செவியிற் படாமற் காத்தாலே போதும். கடல் அவனுக்கு மதிலாயிற்று. இதனைப் பெருந்திணையுள் இளமை கழிந்த வேட்கை என்று மட்டும் கூறி அமைதல் சாலாது. தந்தை, ஆசான் என்னும் இடங்களுக்குரிய நம்பிக்கையைக் கணவன் என்னும் இடத்துக்கு விலையாகச் செலுத்துகின்றான் அவன். யூசுபு வரலாற்றில் மனைத் தலைவி செய்ததும் இதுவே. ஆயின் யூசுபு ‘இல்லை’ என்று சொல்லும் அறிவு பெற்றிருந்தார். இரத்தினாவுக்கு அச்சொல்லே கற்பிக்கப்படவில்லை.

5. உருவை நம்பும் காதல்

இப்படத்தின் கதைக்கு முன்னோடியாகச் சுட்டப்பெறுவது, அந்தோனி ஹோப் 1894இல் எழுதிய ‘செண்டாவின் கைதி’ என்னும் ஆங்கில நாவல். ரூரிட்டேனியா என்னும் கற்பனை நாட்டில், முடிசூட்டு நாளுக்கு முன்னிரவு மன்னனுக்கு மயக்க மருந்து கலந்த மது ஊட்டப்படுகின்றது. மன்னனை ஒத்த உருவினனாகிய ருடால்ஃப் ராசண்டில் என்னும் ஆங்கிலேயன் அவனிடத்தே முடிசூடுகின்றான். மன்னனை மணத்தற்குரிய இளவரசி ஃபிளேவியா, இவனையே மன்னன் என எண்ணிக் காதலிக்கின்றாள். அவனும் அவளைக் காதலிக்கின்றான்.

ராசண்டில் தீயவனல்லன். நாட்டைக் காக்கவே மாறுவேடம் பூண்டான். எனினும் ஃபிளேவியாவின் பக்கமிருந்து நோக்குக. பத்து ஒப்புமையுள் ‘உருவு’ ஒன்றே அவளுக்கு மெய்யாகக் காட்டப்பட்டது. குலமும் திருவும் பொய்யாகக் காட்டப்பட்டன. அவள் அன்பு மெய். அவ்வன்பு நின்ற தரை பொய். நல்ல நோக்கத்தோடு செய்த மறைப்பும், மறைக்கப்பட்டவர்க்குத் தீங்கே ஆகும் என்பதை இந்நாவல் உணர்த்துகின்றது. உண்மை வெளிப்பட்ட பின் அவள் காதலை விடுத்துக் கடமையை மேற்கொண்டு மன்னனை மணக்கின்றாள். ஆண்டுக்கொரு முறை அவள் அனுப்பும் சிவந்த ரோசா மலர் ஒன்றே எஞ்சுகின்றது.

அந்நாவலிலேயே அந்துவானெத் என்னும் பெண்ணும் உளள். மன்னனைச் சிறைசெய்த மைக்கேலை அவள் காதலிக்கின்றாள். அவனோ அரியணையையும் ஃபிளேவியாவையும் நாடுகின்றான். அவனை இழக்கவியலாது, அவன் பகைவர்க்கே செய்தி விடுத்து உதவுகின்றாள். காப்பதற்காகவே காட்டிக் கொடுக்கும் இந்நிலை, தெளிவு நீங்கிய காமத்துக்குத் தக்க சான்றாகும்.

இவ்விடத்தில் தமிழ்ப்படம் முன்னோடியினின்று விலகி நடக்கின்றது. அவ்விலகலே அதன் சிறப்பு. மன்னனாக வேடம் பூண்ட வீராங்கன், அரசி மனோகரியிடம் உண்மையை ஒளிக்காது கூறி, அவளைத் தங்கையாக ஏற்கின்றான். உருவத்தால் ஏமாற்ற இயலும் இடத்தில் ஏமாற்றாமை என்னும் அறம் இங்கு நிலைநிறுத்தப்படுகின்றது. கணவன் உருவில் வந்த பிறன் ஒருவன் ஒரு பெண்ணின் நம்பிக்கையைத் தன் நலத்துக்குப் பயன்கொள்ளாமை, அரசைக் கவராமையினும் அரிது. தமிழ்க் குடும்ப நெறிக்கு ஏற்பச் செய்த மாற்றம் இது என்று கூறி அமைவார் உளர். அஃது ஓரளவே உண்மை. மனோகரிக்கு உண்மை சொல்லப்பட்டமையால் அவள் தானே தெளிந்து தன் செயலைத் தெரிந்துகொள்ள இயன்றது என்பதே பெரிது. ஃபிளேவியாவுக்குக் காலம் தாழ்த்துக் கிடைத்த உரிமை மனோகரிக்கு உரிய காலத்தே கிடைத்தது.

6. தொலைக்காட்சியில் இதே வினா

இவ்வினா பழைய கதைகளோடு முடிந்ததன்று. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 2011 முதல் 2018 வரை ஒளிபரப்பான ‘ஒன்ஸ் அப்பான் எ டைம்’ என்னும் தொடர், பலரும் அறிந்த தேவதைக் கதைகளை ஒன்றாகப் பின்னியது. அதன்கண் ரெஜினா என்பாள் குதிரைக் கொட்டிலில் பணிபுரியும் டேனியலைக் காதலிக்கின்றாள். அவளை அரசியாக்க விழையும் தாய் கோரா, சிறுமி ஒருத்தியிடம் இன்சொற் பேசி அம்மறைச் செய்தியை அறிந்து, டேனியலின் இதயத்தைப் பறித்து நசுக்குகின்றாள். தாயன்பு என்றே அவள் அச்செயலுக்குப் பெயரிடுகின்றாள். பின்னர் ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கின் என்னும் மாயக்காரன் ரெஜினாவுக்கு ஆசானாகி, தன் நோக்கத்துக்குரிய சாபத்தை அவளே ஏவுமாறு அவள் துயரைப் பழக்குகின்றான். அச்சாபத்துக்குத் தான் பெரிதும் நேசிக்கும் ஒருவரின் இதயம் வேண்டும். அவள் தன் தந்தையையே கொல்கின்றாள்.

பறிக்கப்பட்ட இதயத்தைக் கையிற் கொண்டவர் அதற்குரியவரை ஏவலாம் என்பது அத்தொடரின் கற்பனை. இது வெறும் மாயமன்று. வளர்த்தவர், கற்பித்தவர், காதலிப்பதாகக் கூறியவர் ஆகியோர் கையில் நம் இதயம் இருத்தல் உலகியலே. கன்னித் தீவின் இராசகுருவும் இம்மாயக்காரனும் ஒரே தொழிலினர். இருவரும் ஆசான் என்னும் பெயரைத் தாங்கியவர்.

7. முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படுவன மூன்று. சூழ்ச்சி காதலின் பகைபோல வாராது, காதலின் உறவுபோலவே வரும் என்பது ஒன்று. நெறி பிறழ்ந்த காதல் என்று நாம் பழிப்பவற்றுட் பல, பிறர் திட்டமிட்டுப் பிறழச் செய்தவை என்பது இரண்டு. அறிவும் மறுக்கும் உரிமையும் இல்லாதவிடத்து ஒத்த அன்பு இல்லை என்பது மூன்று.

முதுகலை வகுப்பில் இக்கதையைப் பேசியபோது, “இரத்தினா இராசகுருவை விரும்பியிருந்தால் அது காதலாகாதா?” என்று மாணவி ஒருவர் வினவினார். அன்று நாம் உடனே விடை கூறவில்லை. இன்று கூறுவோம்: ஆகாது. அவள் விருப்பம் அவளுடையதாக இருத்தற்கு வேண்டிய உலகை அவளிடமிருந்து அவன் பறித்திருந்தான். தீவினின்று கரையேறி, பலரைக் கண்டு, பலவும் கேட்ட பின் அவள் சொல்லும் சொல்லே அவள் சொல்லாகும்.

தொல்காப்பியர் பெருந்திணைக்குப் புறனாகக் காஞ்சியை வைத்தார். காஞ்சி நிலையாமை கூறுவது. பொய்யின்மேல் எழுப்பிய காதல் நிலையாது என்பதற்கும் அவ்வியைபு பொருந்துகின்றது. ‘காதலா கடமையா’ என்று நாகூர் அம்மையார் 1938இல் வினவினார். காதலிக்கப்படுபவர்க்கு உண்மையைச் சொல்லுதலே காதலின் முதற் கடமை எனக் கொள்வோமாயின், அவ்விரண்டும் ஒன்றனோடொன்று மாறுபடா என்க.