பழைய ஜீப்பை மலைக்குத் தயார் செய்கிறீர்களா? போடிமெட்டு ஏறும் முன் பணத்தை எதில் போட வேண்டும்?

போடிநாயக்கனூரில் பொழுது விடிவதற்கு முன்பே ஜீப் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி பக்கம் உள்ள ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு வண்டிகள் மலை ஏறும். தார் ரோட்டை விட்டுத் தோட்டத்துக்குள் திரும்பியதும் பாதையே வேறு. கல், சேறு, ஒரு பக்கம் சரிவு. அங்கே இன்றைக்கும் பழைய மஹிந்திரா ஜீப்புக்கு மவுசு குறையவில்லை.

1947-ல் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் அசெம்பிள் செய்யத் தொடங்கிய மஹிந்திரா, அதே அடிப்படை வடிவத்தில் பல மாடல்களை வரிசையாக இறக்கியது. எம்.எம். 540, கமாண்டர் போன்ற அந்த வண்டிகளை செகண்ட் ஹேண்டில் வாங்கி, குறைந்த செலவில் மலைக்கு ஏற்ற மாதிரி மாற்ற ஆசைப்படுபவர்கள் ஏராளம். வாங்கியதும் கை போகும் இடம் பெரும்பாலும் பெரிய டயர், உயரம், எல்.இ.டி. லைட். உண்மையில் அது கடைசியாகச் செய்ய வேண்டிய செலவு.

ஏறுவதை விட இறங்குவதுதான் கஷ்டம்

போடி ஊரிலிருந்து போடிமெட்டுக்குள் சுமார் 1,000 மீட்டர் உயரம் கூடுகிறது. கொண்டை ஊசி வளைவுகள் மட்டும் 17. ஏறும்போது இன்ஜின் திணறினால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். இறங்கும்போது பிரேக் திணறினால் நிற்காது. பின்னால் ஆட்கள் உட்கார்ந்திருக்கும் வண்டியில் இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது.

பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடாகி, பிடிப்பு குறைந்துகொண்டே வரும். இன்னும் பழைய வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே லைன். எங்காவது ஒரு இடத்தில் ஆயில் கசிந்தாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி லைன் உள்ள மாஸ்டர் சிலிண்டருக்கு மாறுவதுதான் இந்த வண்டிகளுக்குச் செய்யக்கூடிய முதல் நல்ல காரியம். கூடவே வீல் சிலிண்டர், ஹோஸ், ஷூ எல்லாவற்றையும் ஒரே தடவையில் பார்த்துவிட வேண்டும்.

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் சூட்டில் கொதித்து ஆவியானால் பெடல் சும்மா உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். சில நூறு ரூபாய் வேலை. இவ்வளவு மலிவாக உயிரைக் காப்பாற்றும் சமாச்சாரம் வண்டியில் வேறு இல்லை. ஓடையைக் கடந்த பிறகும் கவனம் தேவை. டிரம்முக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் பிரேக் பிடிக்காது. பெடலை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டினால் காய்ந்துவிடும்.

ஹேண்ட் பிரேக்கில் ஒரு சிக்கல் இருப்பது பலருக்குத் தெரியாது. பல பழைய மாடல்களில் அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், பின் ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. பஞ்சர் பார்க்க ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால், ஹேண்ட் பிரேக் போட்டிருந்தும் வண்டி உருளலாம். தூக்கிய சக்கரம் காற்றில் ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருப்பது எதிர்ப்பக்கம் உருளும். சரிவில் நிறுத்தினால் சக்கரத்துக்கு அடியில் கட்டை வைப்பது கட்டாயம். ஒரு ஜோடி மரக்கட்டைக்கு என்ன பெரிய செலவு?

ஃபோர் வீல் உண்மையிலேயே வேலை செய்கிறதா?

செகண்ட் ஹேண்ட் ஜீப்பில் ஃபோர் வீல் கம்பி இருக்கும், ஆனால் முன் சக்கரத்துக்கு இழுவை போகாது. முன் ஷாஃப்டையே கழற்றி வைத்திருப்பார்கள், அல்லது முன் சக்கர ஹப் லாக் உடைந்திருக்கும். வாங்கும் முன் மண் தரையில் போட்டுப் பார்ப்பது நல்லது. காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீலில் ஓட்டக் கூடாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓடுவதால் கியர்களுக்குள் இறுக்கம் ஏறும்; எங்கே பலவீனமோ அங்கே உடையும்.

லோ கியர்தான் இந்த வண்டியின் சொத்து. இழுவையை ஏறக்குறைய இரண்டரை மடங்கு கூட்டித் தரும். செங்குத்தான மண் பாதையில் லோ ஃபர்ஸ்டில் போட்டு, கிளட்சை மிதிக்காமல் விட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்து இறக்கும்.

பெரிய டயர் போட்டால் என்ன ஆகும்?

பார்க்க ஜம்முன்னு இருக்கும். ஆனால் டயர் உயரம் கூடினால் இழுவை குறையும், ஸ்டீயரிங் கனக்கும், அதே பிரேக்குக்குச் சுமை அதிகமாகும். ஸ்பீடோமீட்டரும் நிஜ வேகத்தை விடக் குறைவாகவே காட்டும். 16 இன்ச் ரிம்மில் கம்பெனி அளவிலேயே நல்ல பட்டன் உள்ள குறுகலான டயர், சேற்றைக் கிழித்து அடித்தரையைப் பிடிக்கும். சேற்றில் கொஞ்சம் காற்றை இறக்கினாலே பிடிப்பு கூடும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் ஏற்ற வேண்டும். இறங்கிய காற்றோடு வளைவில் திரும்புவது ஆபத்து, எனவே ஒரு சின்ன காற்று பம்பும் பட்ஜெட்டில் சேரும்.

ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்த்து உயர்த்துவதும் அப்படித்தான். பட்டை கூடக் கூட ஸ்பிரிங் விறைக்கும், பள்ளத்தில் சக்கரம் தரையைத் தொடாது. வண்டி உயர்ந்தால் சரிவில் கவிழும் வாய்ப்பும் உயரும். அந்தப் பணத்தில் உடைந்த பட்டை, தேய்ந்த புஷ், யூ போல்ட், கிங் பின் பேரிங் ஆகியவற்றை மாற்றினால் ஸ்டீயரிங் ஆட்டம் போகும். ரேடியேட்டர் சுத்தம், ஃபேன் பெல்ட், ஹோஸ் எல்லாம் அதற்கு அடுத்து.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும் அளவுக்கு வண்டியை மாற்றக் கூடாது. இதை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இல்லாவிட்டால் இரண்டும் விதிக்கலாம். இன்ஜின் மாற்றுவதென்றால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகம், அப்புறம்தான் ஒர்க்‌ஷாப். முன்னால் மாட்டும் இரும்பு கிராஷ் கார்டையும் 2017-லேயே மத்திய அரசு தடுக்கச் சொல்லிவிட்டது.

சொந்த உபயோக ஜீப்பின் ஆர்.சி. 15 வருடத்தில் முடியும். பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை தகுதி பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். இதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2025-ல் 10,000 ரூபாய் ஆனது. பட்ஜெட் போடும்போது பலர் விட்டுவிடும் கணக்கு இது.

வெள்ளை போர்டு ஜீப்பில் வாடகைக்கு ஆள் ஏற்றுவதும் விதிமீறல். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கை விரிக்க அதுவே காரணமாகலாம். அப்போது நஷ்டம் வண்டிக்காரருக்கு மட்டுமல்ல, பின்னால் உட்கார்ந்து போன தொழிலாளிக்கும்தான்.

வண்டி தயாரானதும் குரங்கணி பக்கம் காட்டுக்குள் விட்டுப் பார்க்கலாம் என்று தோன்றினால், வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைய முடியாது. 2018 மார்ச் மாத காட்டுத்தீக்குப் பிறகு அங்கே கெடுபிடி அதிகம். கொழுக்குமலைக்குப் போக நினைப்பவர்களுக்கு சூரியநெல்லியிலிருந்து வாடகை ஜீப் கிடைக்கிறது. சொந்த ஜீப்பை இறக்கும் முன், அந்த ஓட்டுநர்கள் எந்த இடத்தில் எந்தக் கியருக்கு மாறுகிறார்கள் என்று ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரலாம்.