வாடகையா, ஒத்தியா, உரிமமா? சொல்லில் சிக்கும் வீட்டு உரிமையாளர்கள்

புதுதில்லி: "குடியிருப்பு" என்ற ஒரு சொல்லுக்குப் பொருள் காண ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்து சேர்ந்தது. பெங்களூரில் 42 அறைகள் கொண்ட கட்டடம் ஒன்றை, மாணவர்களுக்கும் வேலைக்குச் செல்வோருக்கும் விடுதி நடத்தும் நிறுவனத்துக்கு அதன் உரிமையாளர்கள் குத்தகைக்கு விட்டிருந்தனர். நிறுவனம் அங்கே குடியிருக்கவில்லை, வணிகமே செய்கிறது. ஆகவே ஜிஎஸ்டி உண்டு என்பது வரித் துறையின் வாதம். அறைகளில் தங்குவோருக்கு அது குடியிருப்புதான் என்று கூறி 2022-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் விலக்கு அளித்தது. அதை எதிர்த்த மேல்முறையீட்டை 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இதைக் கேட்டு, விடுதிக்குக் கட்டடம் கொடுத்தோர் எல்லோரும் நிம்மதி அடைந்துவிட முடியாது. 2022 ஜூலை 18 முதல் விதி மாறிவிட்டது. ஜிஎஸ்டி பதிவு பெற்ற நிறுவனம் வீட்டை வாடகைக்கு எடுத்தால் 18 சதவீத வரி உண்டு. அதைக் கட்ட வேண்டியவர் வாடகைதாரர். யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டால், பிறகு அந்தத் தொகை வாடகைப் பேரத்தில் வந்து நிற்கும்.

வழக்குக்குரிய கட்டடம் எங்கிருந்தாலும், இந்தக் கேள்விகள் பிரேசர் டவுனுக்கும் உரியவை. 1898-ல் பெங்களூரைத் தாக்கிய பிளேக் நோய்க்குப் பின், தண்டுப் பகுதியின் நெரிசலைக் குறைக்க உருவாக்கப்பட்டது இக்குடியிருப்பு. ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரால் 1910-ல் திறக்கப்பட்டது. பின்னர் புலிகேசி நகர் எனப் பெயர் மாற்றம் பெற்றது. தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் தண்டுப் பகுதியைச் சேர்ந்த இங்கு, கோல்ஸ் சாலை, மசூதி சாலையைச் சுற்றிப் பழைய வீடுகள் அடுக்குமாடிகளாகி வருகின்றன. வாடகையே பல முதியவர்களின் ஓய்வூதியம்.

வாடகைச் சட்டம் தங்களைக் காக்கும் அல்லது கட்டிப்போடும் என்றே இவர்களில் பலர் எண்ணுகின்றனர். 2001 டிசம்பர் 31-ல் நடைமுறைக்கு வந்த கர்நாடக வாடகைச் சட்டம், பெங்களூரில் மாத வாடகை ரூ.3,500-ஐத் தாண்டிய இடங்களுக்குப் பொருந்தாது. பிரேசர் டவுனில் அத்தொகைக்குள் இன்று வீடு ஏது? ஆகவே பெரும்பாலான வீடுகளை ஆள்வது 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமே. பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்தபின் வாடகையை வாங்கிக்கொண்டே இருந்தால் அது மாதாந்தரக் குடித்தனமாகத் தொடரும். முடித்துக்கொள்ள 15 நாள் நோட்டீஸ் தேவை. அதன் பிறகும் காலி செய்யாவிட்டால் நீதிமன்றமே வழி. பூட்டை மாற்றுவது வழியல்ல.

சிலர் பத்திரத்தின் தலைப்பில் "உரிமம்" என்று எழுதிவிட்டால் குத்தகை உரிமை எழாது என்று நம்புகின்றனர். தில்லி இம்பீரியல் ஹோட்டலில் முடிதிருத்தும் நிலையம் நடத்தியவர் தொடர்பான வழக்கில், 1959-லேயே உச்ச நீதிமன்றம் அந்த நம்பிக்கையைத் தகர்த்தது. ஆவணத்தின் பெயரைவிட, இடத்தின் முழு அனுபோகம் யார் கையில் உள்ளது என்பதே முக்கியம் என்றது.

வாடகை இல்லாத "லீஸ்"

மிகுந்த குழப்பம் தருவது பெங்களூரின் "லீஸ்" முறை. பல லட்ச ரூபாயை மொத்தமாகப் பெற்றுக்கொண்டு, வாடகையின்றி வீட்டை விடுவது. காலம் முடிந்ததும் பணத்தைத் திருப்புவது. தமிழகத்தில் இதன் பெயர் ஒத்தி அல்லது போகியம். பெயரில் குத்தகை என்றாலும், தன்மையில் இது அனுபோக அடமானத்தை ஒத்தது. வீடு ஏற்கெனவே வங்கியிடம் அடமானத்தில் இருந்து, உரிமையாளர் தவணை தவறினால் குடியிருப்பவரின் பணம் நடுத்தெருவுக்கு வந்துவிடும். எனவே வில்லங்கச் சான்றிதழைப் பார்க்காமல் பணம் கொடுப்பது பெருந்தவறு.

வாடகையே வாங்கவில்லை, ஆகவே வரியில்லை என உரிமையாளர் கருதுவதும் சரியன்று. வருமான வரிச் சட்டம் பார்ப்பது வீட்டின் "ஆண்டு மதிப்பு". அந்த வீடு நியாயமாக ஈட்டக்கூடிய வாடகையும் அதில் கணக்காகும். 2011-ல் தில்லி உயர் நீதிமன்ற முழு அமர்வு, வட்டியில்லா முன்பணத்துக்குக் கற்பனை வட்டி கணக்கிட்டு அதை வாடகையோடு சேர்க்க இயலாது என்றது உண்மையே. ஆனால் நியாய வாடகையைத் தனியே மதிப்பிட அத்தீர்ப்பு தடை போடவில்லை. இத்தொகையை ரொக்கமாக வாங்குவதும் ஆபத்து. ரூ.20,000 அல்லது அதற்கு மேற்பட்ட கடனையோ வைப்புத் தொகையையோ ரொக்கமாகப் பெற்றால், பெற்ற தொகை அளவுக்கே அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

செலுத்திய நகராட்சி வரி போக, மிஞ்சியதில் 30 சதவீதம் கழிவு கிடைக்கும். வீட்டுக்கு ஒரு ரூபாய் செலவழிக்காவிட்டாலும் அது உண்டு. அதற்கு மேல் வெள்ளையடித்த செலவைக் காட்ட முடியாது. காட்டலாம் என்ற ஆசையில்தான் சிலர் வாடகையை வணிக வருமானம் என்பர். சொத்துகளை வாடகைக்கு விடுவதையே நோக்கமாகக் கொண்ட சென்னை நிறுவனம் ஒன்று 2015-ல் உச்ச நீதிமன்றத்தில் அப்படி வென்றது. குடியிருப்பு வீட்டைப் பொறுத்தவரை அக்கதவை 2024-ம் ஆண்டின் நிதிச் சட்டம் அடைத்துவிட்டது.

வீடு வாங்கி முதலீடு செய்யும் தமிழகத்தவர் தடுமாறும் இன்னொரு சொல் "காத்தா". அது மாநகராட்சியின் வரிக் கணக்குப் பதிவு மட்டுமே. உரிமைப் பத்திரம் அல்ல.

மத்திய அமைச்சரவை 2021 ஜூனில் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், வீட்டு முன்பணத்துக்கு இரண்டு மாத வாடகையை உச்ச வரம்பாக வைத்தது. மாநிலங்கள் ஏற்றால் மட்டுமே அது செல்லும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழகச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிடில் மூன்று மாதம் என்கிறது. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது பெங்களூரின் நெடுநாள் வழக்கம். இருப்பினும் மாதம் ரூ.3,500-க்கு மேற்பட்ட வீடுகள் கர்நாடக வாடகைச் சட்டத்துக்கு வெளியே நிற்பதால், அந்த வழக்கத்துக்கு அச்சட்டத்தில் கடிவாளம் இல்லை.