வீடும் வழக்கும் – 9
கையெழுத்து வைத்தவர் குடிவராவிட்டால்

போன கிழமை, வீட்டை விட்டுப் போக மறுக்கும் வாடகைக்காரரோடு மல்லுக்கட்டினோம். இந்தக் கிழமை வரமறுக்கும் ஆள். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துவிட்டு, குடிவர இரண்டு நாள் இருக்கும்போது தொலைபேசியில் "இடமாற்றம் வந்திட்டுது ஐயா, வீடு வேண்டாம்" என்பார்.

திருகோணமலையில் இது புதினமில்லை. துறைமுகம், கடற்படை, சீனக்குடா மா ஆலை, சீமெந்துத் தொழிற்சாலை, அரச திணைக்களங்கள் என்று வெளியூர் உத்தியோகத்தரை நம்பித்தான் உவர்மலையிலும் உட்துறைமுக வீதியிலும் பலர் மேல்மாடி கட்டி வாடகைக்கு விடுகிறார்கள். கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தால் போதும், மேல்மாடி வெறுமையாகிவிடும்.

"இப்ப நான் அவரை என்ன செய்யலாம்?" என்று வீட்டுக்காரர் கேட்பார். "பேப்பரை ஆர் எழுதினது?" என்று சட்டத்தரணி திருப்பிக் கேட்பார்.

பெரும்பாலும் நீட்டப்படும் பேப்பர் இப்படித்தான் இருக்கும். கடையில் வாங்கிய அச்சுப் படிவம். பெயரும் அடையாள அட்டை இலக்கமும் பேனாவால் நிரப்பியது. காலம் என்ற இடத்தில் 'இரண்டு வருடம்'. அடியில் முத்திரை ஒட்டி, அதற்கு மேலால் குறுக்கே கையெழுத்து. சாட்சிகள் வீட்டுக்காரரின் மச்சானும் வீடு பார்த்துக் கொடுத்த புரோக்கரும். பார்வைக்குக் குறை சொல்ல முடியாத பத்திரம். சட்டத்தின் கண்ணில் அது இரண்டு வருடக் குத்தகையே அல்ல.

காரணம் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். அதன் 2 ஆம் பிரிவின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எதுவும் நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில், குறைந்தது இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் கூடியிருக்க, கையெழுத்தாகி அத்தாட்சிப்படுத்தப்பட வேண்டும். தவறினால் அதற்குச் சட்ட வலு கிடையாது. நூற்றெண்பது வருடம் தாண்டியும் இந்தப் பிரிவு பல வீட்டுக்காரரின் தூக்கத்தைக் கெடுக்கிறது. முத்திரை ஒட்டினால் பத்திரம் பலம் பெறும் என்ற நம்பிக்கை நம்மிடம் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது.

இப்படியான பேப்பரை வைத்துக்கொண்டு ஒருவர் குடிவந்து வாடகை கட்டத் தொடங்கினால், அது மாதாந்த வாடகையாகக் கொள்ளப்படும். குடிவராமலே நின்றுவிட்டால் இருபத்துநாலு மாதத்துக்கும் வாடகை கேட்க வழியில்லை. 'முற்பணம் திருப்பித் தரப்படமாட்டாது' என்று ஒரு வரி இருக்குமே என்பீர்கள். அந்த வரியும் இருப்பது அதே வலுவற்ற தாளில்தான். அதை மட்டும் நம்பி முழு முற்பணத்தையும் பிடித்து வைப்பவர், பின்னர் எதிராளியாக நீதிமன்றப் படி ஏற நேரலாம். ஒரு மாத வாடகையளவு கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்து, இரு பக்கமும் கணக்குத் தீர்ந்தது என்று எழுதி வாங்குவதே இந்த நிலையில் புத்திசாலித்தனம் என்பது என் எண்ணம்.

சின்ன வீட்டுக்காரர்தான் இதில் சறுக்குகிறார் என்று நினைக்க வேண்டாம். உவர்மலையிலிருந்து குடாவைத் தாண்டினால் சீனக்குடா. பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் அங்கே 99 நிற்கின்றன, மேல் தொகுதியில் 84, கீழ்த் தொகுதியில் 15. 2003 பெப்ரவரி 7 ஆம் திகதி இலங்கை அரசும் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் லங்கா ஐஓசி நிறுவனமும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. 35 வருடக் குத்தகை, வருடத்துக்கு ஒரு லட்சம் அமெரிக்க டொலர். முறையான குத்தகைப் பத்திரத்தை ஆறு மாதத்துக்குள் எழுதுவது என்று அதிலேயே இருந்தது. எழுதவில்லை. கீழ்த் தொகுதி பாவனையில் இருக்க, மேல் தொகுதியைக் காடு மூடியது. கொழும்பில் ஆட்சிகள் மாற மாற, குத்தகை இருக்கிறதா இல்லையா என்ற வாதம் நாடாளுமன்றத்திலும் தொழிற்சங்கக் கூட்டங்களிலும் ஓடிக்கொண்டே இருந்தது. 2022 ஜனவரி 6 ஆம் திகதிதான் புதிய பத்திரங்கள் கையெழுத்தாயின. 14 தாங்கிகள் லங்கா ஐஓசிக்கு, 24 கூட்டுத்தாபனத்துக்கு, மீதி 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு (அதில் கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 வீதம்). அரச காணிக்குரிய சட்டம் வேறு, அங்கே குத்தகைக்காரர் ஓடவும் இல்லை. ஆனால் 'பிறகு எழுதலாம்' என்று விட்டதற்குப் பத்தொன்பது வருடம் போனது.

இனி, நொத்தாரிசு எழுதிய குத்தகை கையில் இருக்கிறது என்று வைப்போம். இங்கே ரோமன் டச்சுச் சட்டம் வீட்டுக்காரருக்குத் துணை நிற்கிறது. ஒப்பந்தத்தை விடமாட்டேன், வீடு தயார், சாவி தயார், வந்து இரு, வாடகையைக் கட்டு என்று அவர் நிற்கலாம். அல்லது, முறித்தது நீ, முறிந்ததை ஏற்கிறேன், நட்டத்தைத் தா என்று கேட்கலாம். இரண்டையும் ஒன்றாகக் கேட்க முடியாது. எந்தப் பாதை என்று முடிவெடுத்து, சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும்.

முதல் பாதை கேட்க வீரமாக இருக்கும். வராத மனிசனுக்காக வீட்டைப் பூட்டி வைத்து மாதாமாதம் வழக்குப் பேசுவதற்குப் பொறுமையும் பணமும் வேண்டும். அதனால் பெரும்பாலானோருக்கு நான் சொல்வது இரண்டாவது. அதில் ஒரு கடமை உண்டு. நட்டத்தைக் குறைக்க நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும். பத்திரிகை விளம்பரத்தின் பற்றுச்சீட்டு, புரோக்கருக்கு அனுப்பிய செய்தி, பார்க்க வந்தவர்களின் பெயரும் திகதியும், புதிய ஆள் குறைந்த வாடகைக்கு வந்திருந்தால் அந்த ஒப்பந்தம், எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போடுங்கள். இந்தக் கோப்பு இல்லாமல் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டம் என்பது வெறும் வாய்ச்சொல்.

நட்டத்தின் அளவும் இடத்துக்கு இடம் மாறும். உப்புவெளியிலோ நிலாவெளியிலோ விருந்தினர் விடுதிக்கென எடுத்த வீட்டை ஏப்ரலில் கைவிட்டால், மே தொடக்கம் செப்டெம்பர் வரையான உல்லாசப் பயணிகள் பருவமே கையைவிட்டுப் போகலாம். அதே ஆள் ஒக்டோபரில் விலகினால், வாடைக்காற்றும் மழையும் தொடங்கும் நேரம், எப்படியும் வியாபாரம் மந்தம்தான். கட்டடம் ஒன்று, வாடகை ஒன்று, கோரும் தொகை மட்டும் வேறு. மாத வாடகைக்கு விட்ட உவர்மலை வீட்டுக்கு இந்தக் கணக்கு செல்லாது.

குறித்த தொகைக்கு உட்பட்ட பிணக்கென்றால் வழக்குக்கு முன் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். முகம் சுளிக்காதீர்கள். மூன்று தவணையில் காசு வந்து சேர்ந்த இணக்கங்கள் அங்கே நடக்கின்றன.

மறக்கப்படுவது காணிப் பதிவகம். குத்தகை உறுதி பதியப்பட்டிருந்தால், ஆள் வராவிட்டாலும் அது உங்கள் காணியின் பதிவேட்டில் கிடக்கும். அடுத்த குத்தகைக்காரரின் நொத்தாரிசோ கடன் தரும் வங்கியோ தேடிப் பார்க்கும்போது 'காணியில் குத்தகை இருக்கிறதே' என்பார்கள். ஆகவே விலகுபவரிடம் ரத்து உறுதியில் கையெழுத்து வாங்கி, அதையும் பதிவு செய்யுங்கள். அந்தச் செலவு யாருடையது என்பதையும் முற்பணக் கணக்கு முடிக்கும்போதே பேசிவிடுங்கள். அவர் வண்டியேறிய பிறகு பிடிப்பது கடினம்.

சாவி முன்கூட்டியே கொடுபட்டிருந்தால், திருப்பி வாங்கும்போதும் கவனம். ஒரு சொல்லும் இல்லாமல் வாங்கி மேசையில் போட்டால், நீங்களாகவே விடுவித்துவிட்டீர்கள் என்று பிறகு வாதிடுவார்கள். 'நட்டம் கோரும் உரிமைக்குப் பாதகமின்றிச் சாவியைப் பெற்றுக்கொண்டேன்' என்று இரண்டு பிரதி எழுதி, திகதி போட்டு, ஒன்றில் அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அன்றைய மின்மானி வாசிப்பையும் அதிலேயே குறித்துவிடுங்கள்.

அடுத்த கிழமை: வாடகைக்காரர் தன் செலவில் போட்ட தகரக் கொட்டிலும் கிணற்று மோட்டரும் யாருக்குச் சொந்தம்?